புற்றுநோய் மருந்து ஆராய்ச்சியில் பல வருடம் வேதியியலாளராக இருந்தும் ஒரு மருந்துகூட வெளியே வராவிட்டால், அத்தனையும் வீண்தானா?

நீங்கள் முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கிறீர்கள், அனுபவசாலி யாரோ பயமுறுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். அவர் சொன்னது பொய் இல்லை. இந்த வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் கையிலிருந்து ஒரு மருந்தும் வெளிவந்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான். ஆனால் ‘வீண்தானா’ என்று கேட்டது கொஞ்சம் சுட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு கைனேஸைத் தடுக்கும் மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருந்தோம். செல்லுக்குள் ‘வளர், பிரி’ என்று சமிக்ஞை கடத்தும் நொதி அது. சில புற்றுநோய்களில் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். எங்கள் மூலக்கூறு சில நானோமோலார் என்ற மிகச் சிறிய செறிவிலேயே அதை நிறுத்தியது. உயிரியல் குழுவுக்கு ஒரே கொண்டாட்டம். எங்களுக்குத்தான் தலைவலி: தண்ணீரில் கரையவே இல்லை. எங்கள் பாஷையில் செங்கல் தூள். தட்டையான வளையங்கள் நெருக்கமாக அடுக்கி உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் எங்கே நுழையும்?

சரி என்று ஓரத்தில் பைப்பரிடின் என்ற, நைட்ரஜன் உள்ள ஒரு வளையத்தைச் சேர்த்தோம். கரைந்தது. ஆனால் அதன் காரத்தன்மையுள்ள நைட்ரஜன் இதயத்தில் இருக்கும் ஹெர்க் என்ற பொட்டாசியம் வாயிலை அடைத்தது. அது அடைபட்டால் துடிப்பின் தாளம் கெட்டுவிடும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து 1990களில் சந்தையை விட்டுப் போனது இந்த வாயிலால்தான். காரத்தைக் குறைக்க, நைட்ரஜனோடு ஆக்சிஜனும் உள்ள மார்ஃபோலின் வளையத்துக்கு மாறினோம். ஹெர்க் தொல்லை தணிந்தது, கல்லீரல் நொதிகள் மார்ஃபோலினைக் குதறிவிட்டன. அப்புறம் பைப்பரிடினுக்கே திரும்பி, நைட்ரஜனிலிருந்து இரண்டாவது கார்பனில் ஒரு ஃப்ளூரினை வைத்தோம். ஃப்ளூரின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும், நைட்ரஜனின் காரம் இறங்கும். இந்தத் தடவை எல்லாம் கூடி வந்தது.

அந்தச் சேர்மம் ரோட்டாவில், அதாவது குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவியில், கரைப்பான் வற்ற வற்ற நுரைத்து, குடுவைச் சுவரில் வெள்ளையாக ஒட்டி நின்றது. ஸ்பாட்சுலாவால் சுரண்டியதும் சரசரவென்று உதிர்ந்தது. பிசினாக வராமல் பொடியாக வந்தாலே பாதி பாரம் இறங்கும். இந்த வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

எலிகளில் கட்டி சுருங்கியது. அதற்குள் மேலிடத்தில் ஆட்கள் மாறினார்கள். போட்டியாளர்கள் நம்மை முந்திவிட்டார்கள் என்று சொல்லித் திட்டத்தையே மூடினார்கள். குப்பி உறைபெட்டிக்குப் போயிற்று. கோபம் இல்லையா என்றால், இருக்கிறது.

கோபம் என்றதும் இன்னொன்று. எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் எல்.சி.எம்.எஸ். கருவியில் (மாதிரியில் என்னென்ன சேர்மங்கள் என்று பிரித்து எடை பார்ப்பது) கெட்டியான மாதிரியைச் செலுத்திவிட்டு, கழுவாமல் போய்விடுகிற புண்ணியவான்கள் எல்லா ஆய்வகத்திலும் இருப்பார்கள். அடுத்து வருகிறவன் தன் மாதிரியில் அவர்களுடைய சேர்மத்தின் உச்சியைப் பார்த்து, வினை கெட்டுப்போய்விட்டதோ என்று அரை நாள் முழிப்பான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் இதை எங்கே போய்ச் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். அபாட் நிறுவனம் நாவிட்டோக்ளாக்ஸ் என்ற மூலக்கூறை உருவாக்கியது. புற்றுநோய் செல்களைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தை அது தடுத்தது. கூடவே பிசிஎல்-எக்ஸ்எல்லையும் தடுத்தது. ரத்தத் தட்டணுக்கள் உயிரோடிருக்க அந்த இரண்டாவது புரதம் வேண்டும். தட்டணுக்கள் சரிந்ததால் வேண்டிய அளவுக்கு மருந்தைக் கொடுக்க முடியவில்லை. அதன் வடிவத்திலிருந்து கிளம்பி, பிசிஎல்-எக்ஸ்எல்லை விட்டுவிட்டு பிசிஎல்-2வை மட்டும் பிடிக்கும்படி மாற்றியமைத்ததுதான் வெனட்டோக்ளாக்ஸ். நாட்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் மூலக்கூறு எடை 868. வாய்வழி மருந்து 500க்குள் இருந்தால் நல்லது என்று 1997இல் வந்த லிபின்ஸ்கி விதியை மனப்பாடம் செய்த எங்களுக்கு அது ஒரு குட்டு. நாவிட்டோக்ளாக்ஸுக்காக வளையம் வளையமாக மாற்றிப் பார்த்த வேதியியலாளர்கள் வீணாய்ப் போனவர்களா? உங்களைப் பயமுறுத்தியவரிடம் கேளுங்கள்.

தோற்ற திட்டம் எல்லாமே பின்னால் பயன்படும் என்று நான் சொல்லவில்லை. என் குப்பியை இதுவரை யாரும் திறந்த மாதிரி தெரியவில்லை. ‘சம்பளத்துக்குத்தானே செய்தீர்கள், என்ன பெரிய தியாகம்’ என்று ஒருவர் வருவார், தெரியும். சம்பளத்துக்குத்தான் செய்தேன். தியாகம் என்று எங்கே சொன்னேன்?

சேர்வதாக முடிவு செய்தால் நேர்காணலில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சேர்மத்தைச் செய்து கொடுத்தால் சோதனை முடிவு எத்தனை நாளில் திரும்பி வரும்? ஒரு வாரம் என்றால் யோசிக்காமல் சேருங்கள். மாதக்கணக்கில் ஆகும் என்றால், முடிவு வருவதற்குள் மூலக்கூறில் எதற்காக அந்த மெத்தில் தொகுதியை அங்கே வைத்தோம் என்பதே மறந்துவிடும். அங்கே போகாதீர்கள்.