20 ரூபாய் 60 ரூபாயானால் எத்தனை சதவீதம்?

கேள்வி: 20 ரூபாய்க்கு விற்ற தக்காளி 60 ரூபாயானதை ஒரு நாளிதழ் '300 சதவீதம் உயர்வு' என்று போட்டது. விலை மறுபடி 20-க்கு வந்ததும் '200 சதவீதம் சரிவு' என்றது. வீட்டில் சொன்னால், "ஏறினது ஏறிச்சு, இறங்கினது இறங்கிச்சு, இதைப் போய்ப் பெருசு பண்ணோணுமாங்க?" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: பெரிசு பண்ணத்தான் வேண்டும். 20 ரூபாய் 60 ஆனால் கூடியது 40 ரூபாய். 20-க்கு 40 என்பது 200 சதவீதம். விலை மூன்று மடங்கானதைப் பார்த்துவிட்டு 300 என்று எழுதியிருக்கிறார்கள். சரி, அதையாவது அவசரத்தில் நடந்தது என்று விடலாம். இறங்கும்போது எழுதியதை விட முடியாது. 100 சதவீதம் சரிந்தாலே விலை பூஜ்யம். அதற்கும் கீழே எங்கே போவது? 60 ரூபாய் 20-க்கு வந்தது சுமார் 67 சதவீதச் சரிவு. எழுதியவர், திருத்தியவர், பக்கம் கட்டியவர் என்று இத்தனை பேர் கையைத் தாண்டி அந்த வரி அச்சாகியிருக்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

எதிலிருந்து என்று கேட்காமல் சதவீதம் எழுதுவதால் வருகிற வினை இது. நம் பக்கத்தில் அதற்கு நேரடியாகப் பணம் கட்டுகிறவர்கள் மஞ்சள்காரர்கள். கணக்குக்காகக் குவிண்டால் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் ஏறினால் 15,000. அப்புறம் 50 சதவீதம் இறங்கினால்? பழைய விலைக்கே வந்துவிட்டது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். வந்திருப்பதோ 7,500-க்கு. ஏறியது 10,000-இல் பாதி, இறங்கியது 15,000-இல் பாதி. விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் குடோனில் போட்டுவிட்டு, இப்போதே பெருந்துறை ஏலத்துக்கு அனுப்பலாமா, இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமா என்று யோசிக்கிற விவசாயி இந்தச் செய்தியையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். 20 குவிண்டால் இருப்பு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் 50,000 ரூபாய்.

தக்காளியை விட்டு மொத்த விலைவாசிக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சில்லறைப் பணவீக்கம் என்பது கடை விலைகள் ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கின்றன என்ற கணக்கு. 2023 ஜூனில் 4.87 சதவீதமாக இருந்த அது ஜூலையில் 7.44 ஆனது. இதை '2.57 சதவீதம் உயர்வு' என்று எழுதுவது தவறு. இரண்டு சதவீதங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைச் சதவீதப் புள்ளி என்றுதான் சொல்ல வேண்டும். உயர்ந்தது 2.57 சதவீதப் புள்ளி. சதவீதத்தில்தான் சொல்ல வேண்டுமென்றால், 4.87-க்கு 2.57 என்பது 50-க்கும் மேல். ரிசர்வ் வங்கிக்கு வைத்திருந்த இலக்கு 4 சதவீதம். மேலே கீழே 2 சதவீதப் புள்ளிதான் அனுமதி. ஆகவே 2.57 புள்ளி ஒரே மாதத்தில் ஏறியது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்தது, பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்ததாக எழுதுவது. 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதம், 2025 அக்டோபரில் 0.25 சதவீதம். 'விலைவாசி 0.25 சதவீதமாகக் குறைந்தது' என்று தலைப்பு வைத்தால் மளிகைக் கடையில் நிற்கிறவர், எனக்கு மட்டும் ஏன் குறையவில்லை என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் 106.21 ஆகி, அதற்கடுத்த ஆண்டும் சற்று ஏறி 106.48-இல் நிற்கிறது. ஏறுகிற வேகம் குறைந்ததே தவிர, ஏறின 6 ரூபாய் அப்படியேதான் இருக்கிறது. அந்த 106.48 பணவீக்கக் கணக்கில் சேரும் எல்லாப் பொருட்களின் சராசரி. அந்த இரண்டாவது ஆண்டில் உணவுப் பொருட்களின் விலை நிஜமாகவே இறங்கியது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பக் கூடாது.

விலைவாசிக் குறியீட்டு எண்ணைப் பார்த்துச் சம்பளத்தோடு தரும் பஞ்சப்படியை வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் 2016-ஆம் ஆண்டு விலையை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுவது. அதற்கு விலை சேகரிக்கும் ஊர்களில் கோவையும் சேலமும் உண்டு. அந்த எண் 140-லிருந்து 147 ஆனால் ஏறியது 7 புள்ளி, சதவீதத்தில் 5. இதை '7 சதவீதம்' என்று ஒரு நாளிதழ் போட்டுவிட்டால், 15,000 ரூபாய் சம்பளக்காரர் 1,050 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவார். சரியான கணக்கு 750. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இதைச் சுட்டிக்காட்டிவிட்டால், மிச்சமிருக்கிற நியாயமான கோரிக்கைகளும் எடுபடாமல் போகும். தப்பு பத்திரிகையினுடையது, சொல்லுக்கு மதிப்பு போவது தொழிலாளிக்கு.

எங்கள் இதழில் விலைச் செய்தி கொடுப்பவரிடம் பழைய விலை, புதிய விலை, இரண்டுக்கும் தேதி ஆகியவற்றைக் கேட்டு வாங்குகிறோம். அவை இல்லாமல் வெறும் சதவீதம் வந்தால் போடுவதில்லை. எல்லாப் பத்திரிகையும் இதைச் செய்யலாம், செலவே கிடையாது.

நீங்கள் அந்த நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன தலைப்பு, சரியான கணக்கு எது, இவ்வளவு போதும். ஒரு வாரத்தில் திருத்தம் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் இதே பிழையைப் பார்த்தாலும் விடாதீர்கள்.