கதிரியக்க அயோடின்: மகளுக்கு ஆபத்து வருமா?

கேள்வி: எனக்கு வயது 36. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்காக, அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டேன். நிறுத்தியதும் படபடப்பும் கைநடுக்கமும் திரும்பிவிட்டன. கதிரியக்க அயோடின் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் மருத்துவர். சிறிய வீட்டில் நான்கு வயது மகளுடன் வசிக்கிறோம். அவளுக்கு ஆபத்து வருமா? எனக்குப் புற்றுநோய் வருமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: ‘அணு’ என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கல்பாக்கம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால், 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த இந்தச் சிகிச்சை, இன்றுவரை உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. மாத்திரையாகவோ திரவமாகவோ விழுங்கும் அயோடின்-131ஐத் தைராய்டு செல்கள் வழக்கமான அயோடின் என்றே எண்ணி உள்ளிழுத்துக்கொள்ள, அதிலிருந்து வெளிப்படும் பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்குள்ளேயே அந்தச் செல்களை அழித்துவிடுகின்றன.

காமா கதிர்கள் மட்டும் உடலுக்கு வெளியே வரும். மகளுக்கான கவனம் அதனால்தான். எட்டு நாளுக்கு ஒருமுறை கதிரியக்கம் பாதியாகக் குறையும், சிறுநீரிலும் வெளியேறும். எனவே அவளைத் தனியே உறங்க வைப்பதும், மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருப்பதும் ஓரிரு வாரங்களுக்குத் தேவைப்படலாம். சரியான நாள் கணக்கை, கொடுக்கும் அளவைப் பொறுத்து அணு மருத்துவப் பிரிவினர் சொல்வார்கள். நான்கு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால், அந்நாள்களில் அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதே எளிது. ஒரே கழிப்பறைதான் என்றால், அமர்ந்தே சிறுநீர் கழித்து, மூடியை மூடி இருமுறை தண்ணீர் விடுங்கள்.

புற்றுநோய் அபாயம் இருந்தாலும் அது மிகச் சிறியது. அதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்தில், நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியவை வேறு. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தைராய்டு சுரப்பு தேவைக்கும் கீழே போய்விடும். பிறகு வாழ்நாள் முழுவதும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை சாப்பிட நேரும். கண் பிதுங்கல், எரிச்சல், இரட்டைப் பார்வை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இச்சிகிச்சையால் கண் பாதிப்பு கூடக்கூடும் என்பதால் ஸ்டீராய்டு தருவார்கள் அல்லது அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ இச்சிகிச்சை கூடவே கூடாது. சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதங்களாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போடவேண்டும்.

அண்மையில் சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் மறக்காமல் தெரிவியுங்கள். அந்தச் சாயத்தில் உள்ள அயோடின் சுரப்பியை நிரப்பிவிடுவதால், சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிவைக்க நேரும்.