சென்னை டாக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மருந்துச் சீட்டு டர்பனில் செல்லுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, பழகிய சென்னை டாக்டரே வீடியோவில் பார்த்துச் சர்க்கரை மாத்திரை எழுதித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. தென்னாப்பிரிக்க நோயாளியைத் தொலைவிலிருந்து பார்க்கும் டாக்டர், தம் நாட்டில் பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது. இங்கே டாக்டர்களைப் பதிவு செய்து முறைப்படுத்தும் எச்பிசிஎஸ்ஏ (HPCSA) மன்றத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். தொலைமருத்துவம் பற்றிய அவர்களுடைய பத்தாம் கையேடு சொல்வது இது. நோயாளியைக் காக்கும் விதி என்பதால் எனக்கு இதில் முழு உடன்பாடு. ஏதாவது தவறு நடந்தால் புகார் கொடுக்க இங்கே ஓர் இடம் வேண்டுமே! டாக்டரின் பதிவை மன்றத்தின் இணையதளத்தில் பெயர் போட்டே பார்க்கலாம்.

சரி, உள்ளூர் டாக்டர் வீடியோவில் பார்க்கலாமா? தாராளமாக. முன்பே பழக்கமான டாக்டராக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கொரோனா காலத்தில், 2020இல், தளர்த்தினார்கள். இருந்தாலும் அம்மாவை நேரில் அறிந்தவரே நல்லது.

அப்புறம், மருந்தின் அட்டவணை எண்ணைப் பாருங்கள். எவ்வளவு கட்டுப்பாட்டோடு விற்க வேண்டும் என்பதைப் பொறுத்து இங்கே மருந்துகளுக்குத் தரும் எண் அது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 3ஆம் அட்டவணை. ஒரே சீட்டில் 6 மாதம் வரை திரும்ப வாங்க எழுதலாம். வலி மருந்தான மார்ஃபின் போன்ற 6ஆம் அட்டவணை மருந்துக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும்.

மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் கேட்டதற்கு, என் பெரியம்மா வீடியோவில் "500" என்றார். டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னார், 850 என்றிருந்தது. அதனால் அழைப்பு வரும்போது மாத்திரை அட்டைகளும் சர்க்கரை அளவு எழுதிய நோட்டும் அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.