லேசிக் செய்த கண்ணில் கண்புரை: எந்த லென்ஸ், எந்த லேசர்?

கேள்வி: என் வயது 56. கல்லூரி ஆசிரியை. மைனஸ் 7 பவரில் கண்ணாடி அணிந்துவந்த நான், 2004இல் இரண்டு கண்களிலும் லேசிக் செய்துகொண்டேன். இப்போது இரண்டிலும் கண்புரை என்கிறார்கள். நான் போன மருத்துவமனையில் மூன்று பேக்கேஜ்கள் சொன்னார்கள். விலை அதிகமானதில் கத்தியில்லாத லேசர் சிகிச்சையும், கண்ணாடியே தேவைப்படாத மல்டிஃபோகல் லென்ஸும் உண்டாம். கடன் வாங்கியாவது அதையே செய்துகொள்ளலாமா? லேசிக் செய்தபோது கொடுத்த காகிதங்கள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. என் 24 வயது மகளும் லேசிக் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். அனுமதிக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கடன் வாங்க வேண்டாம். உங்கள் கண்ணில் சிக்கலான வேலை புரையை எடுப்பதல்ல, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது. அந்தக் கணக்கை எந்த லேசரும் சரிசெய்யாது.

செயற்கை லென்ஸின் முதல் அறுவையிலேயே இந்தக் கணக்கு தவறியது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி 1949 நவம்பரில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். லென்ஸ் கண்ணுக்குள் ஒழுங்காக அமர்ந்துவிட்டது. ஆனால் சிகிச்சை பெற்ற பெண்மணிக்குச் சுமார் மைனஸ் 18 கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. மனித லென்ஸின் வளைவை அப்படியே பிளாஸ்டிக்கில் கடைந்திருந்தார்கள். பிளாஸ்டிக் ஒளியை இன்னும் அதிகமாக வளைக்கும் என்பதற்கு இடம் கொடுக்கவில்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகள் சூத்திரங்களைத் திருத்தித் திருத்தித்தான் இன்றைய துல்லியம் வந்தது. கண்ணின் நீளத்தை ஒளியாலேயே அளக்கும் கருவி 1999இல் சந்தைக்கு வந்தது பெரிய திருப்பம். நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் பவரில் இரண்டரை டயாப்டர் (பவரின் அலகு) அளவுக்குப் பிசகும் என்றால், அதன் அருமை புரியும்.

இந்தச் சூத்திரங்களில் பெரும்பாலானவை லேசிக் செய்யாத கண்ணுக்காக எழுதப்பட்டவை. கண்ணின் முகப்பில் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவின் முன்பக்க வளைவை மட்டும் கருவி அளக்கிறது. பின்பக்கம் அதற்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மொத்தப் பவரைச் சொல்கிறது. லேசிக்கில் உங்கள் முன்பக்கத்தைச் செதுக்கித் தட்டையாக்கினார்கள், பின்பக்கத்தைத் தொடவில்லை. விகிதம் போய்விட்டது. கருவிக்கு அது தெரியாது, கார்னியாவின் பவரை உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும். இரண்டாவது கோளாறும் உண்டு. கார்னியா தட்டையாக இருந்தால் செயற்கை லென்ஸ் கண்ணுக்குள் சற்று முன்தள்ளி அமரும் என்று பழைய சூத்திரங்கள் ஊகிக்கின்றன. உங்கள் கார்னியா பிறவியில் தட்டையானதல்ல என்பதால் அந்த ஊகமும் பொய். இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் இழுக்கும். தேவைப்படுவதைவிடப் பவர் குறைந்த லென்ஸை வைத்துவிடுவார்கள். விளைவு, பிளஸ் பவர்: தூரத்துப் பலகையும் மங்கல், கையிலிருக்கும் விடைத்தாளும் மங்கல். உங்களைப் போல மைனஸ் 7 இருந்தவர்களுக்கு 1 டயாப்டருக்கு மேல் தவறிப்போவது அரிதல்ல.

பழைய காகிதம் இல்லையே என்று கலங்காதீர்கள். இருந்தால் நல்லது, லேசிக் செய்த இடத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இல்லாமலும் கணக்கிடும் வழிகள் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் கிரஹாம் பேரட் உருவாக்கிய ட்ரூ-கே சூத்திரம் லேசிக் செய்த கண்களுக்கென்றே அமைந்தது. பழைய விவரங்கள் இல்லாமலும் வேலை செய்யும். கார்னியாவின் பின்பக்கத்தையும் நேரடியாக அளக்கும் டோமோகிராஃபி கருவிகள் பெரிய மருத்துவமனைகளில் உள்ளன. நல்ல மருத்துவர் ஒரே விடையை நம்பமாட்டார். மூன்று நான்கு சூத்திரங்களில் போட்டுப் பார்த்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன என்று தேடுவார். பிளஸ் பக்கம் சாய்ந்துவிடாதபடி, சற்றே மைனஸ் நிற்கும் லென்ஸைத் தேர்வார். உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: "லேசிக் செய்த கண் என்பதைக் கணக்கில் சேர்த்தீர்களா, எந்தெந்தச் சூத்திரங்கள்?" இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பேக்கேஜ் அட்டையை நீட்டினால் வேறு இடம் பாருங்கள்.

கண் வறட்சி இருந்தால் முதலில் அதற்குச் சொட்டு மருந்து போட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். கண்ணீர்ப் படலம் உடைந்த கார்னியாவில் எடுத்த அளவு நாளுக்கு ஒன்றாக மாறும். வெவ்வேறு நாட்களில் இருமுறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்களையும் அடுத்தடுத்து முடித்துவிட அவசரப்படாதீர்கள். முதல் கண் ஆறி, அதில் எவ்வளவு பிசகியது என்று தெரிந்தபின் இரண்டாவதற்குக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

இனி லேசர். உங்களுக்குச் சொன்ன கத்தியில்லாத சிகிச்சை ஃபெம்டோ நொடி லேசரால் செய்வது. அந்த லேசரின் அடிப்படையான ஒளித்துடிப்பு நுட்பம் 2018இல் இயற்பியல் நோபல் பெற்றது; கண்டுபிடிப்பு என்ற வகையில் அருமையானது. கார்னியாவில் மடிப்பு வெட்ட லேசிக்கில் அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் புரை சிகிச்சையில், பிரான்சில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வெளியானது. புரையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் வழக்கமான பேகோ முறையைவிட லேசர் முறையில் பார்வை மேம்பட்டதாகத் தெரியவில்லை. அந்தத் தொகைக்கு நல்ல அளவீடு வாங்குங்கள். அளவு தப்பினால், தங்கக் கத்தரிக்கோலால் வெட்டினாலும் சட்டை சேராது.

மல்டிஃபோகல் லென்ஸும் உங்களுக்கு வேண்டாம் என்பேன். வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக அது பங்கிடுகிறது. லேசிக் செய்த கார்னியா ஏற்கெனவே ஒளியைச் சற்றுச் சிதறடிக்கும். இரண்டும் சேர்ந்தால் இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும், மங்கிய வெளிச்சத்தில் படி தெரியாது. கிட்டப்பார்வைக்கு லேசிக் செய்தவர்களுக்கு ஏற்ற, அந்தச் சிதறலை ஓரளவு ஈடுகட்டும் ஆஸ்ஃபெரிக் மோனோஃபோகல் (ஒரே தூரத்துக்கான) லென்ஸ்கள் உண்டு. படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். விலை குறைந்த லென்ஸ் தரம் குறைந்தது என்று எண்ணாதீர்கள். மதுரையின் அரோலேப் நிறுவனம் 1992 முதல் குறைந்த விலையில் தயாரித்த லென்ஸ்களால் பார்வை பெற்றவர்கள் ஏராளம்.

உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே பொருந்தும் புதுமை ஒன்று இருக்கிறது. 2017இல் அமெரிக்க அனுமதி பெற்ற, ஒளியால் பவரை மாற்றக்கூடிய லென்ஸ். வேதியியல் நோபல் பெற்ற ராபர்ட் கிரப்ஸும் கண் மருத்துவர் டேனியல் ஷ்வார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. லென்ஸைக் கண்ணுக்குள் வைத்து, புண் ஆறியபின், மீதமுள்ள பிசகைப் புற ஊதா ஒளி பாய்ச்சி அங்கேயே திருத்துகிறார்கள். பிறகு மாறாதபடி பூட்டிவிடுகிறார்கள். அதுவரை வீட்டுக்குள்ளும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது. உங்களுக்குச் சொன்ன மூன்று பேக்கேஜ்களில் இது இல்லை. இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. பிசகு மிகுந்தால் லென்ஸை மாற்றலாம், மேலே இன்னொரு மெல்லிய லென்ஸ் வைக்கலாம்.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று: லேசிக் உங்கள் கண்ணாடியைக் கழற்றியதே தவிர, கண்ணின் நீளத்தைக் குறைக்கவில்லை. உள்ளே அது இன்னமும் மைனஸ் 7 கண்தான். புரை சிகிச்சைக்கு முன் விழித்திரையின் ஓரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் இருண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். கார்னியா மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அழுத்தம் பார்ப்பவரிடம் லேசிக் செய்ததைச் சொல்லிவிடுங்கள்.

மகளைத் தடுக்கக் காரணமில்லை. கார்னியாவைச் செதுக்கும் எக்சைமர் லேசரை உடல் திசுவில் பயன்படுத்தும் வழியை 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில்தான் முதல் வெட்டு! இன்று இது நன்கு தேறிய சிகிச்சை. ஆனாலும் ஓராண்டாவது பவர் மாறாமல் இருக்கிறதா, கார்னியா போதிய தடிமன் உள்ளதா, அது கூம்பாகப் புடைக்கும் கோளாறின் சாயல் உண்டா என்று பார்த்தபிறகே முடிவெடுக்க வேண்டும். கார்னியா மெல்லியதென்றால் செதுக்காமல், கண்ணுக்குள் கூடுதல் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். முறை இருக்கிறது. இப்போது வரும் லென்ஸில் கண்ணுக்குள் ஊறும் நீர் ஓட நடுவிலேயே 0.36 மி.மீ. துளை விட்டிருக்கிறார்கள், முன்பு அதற்காகக் கருந்திரையில் (ஐரிஸ்) தனியாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

எதைச் செய்தாலும் சிகிச்சைக்கு முந்தைய கார்னியா வளைவு அளவு, கண்ணாடிப் பவர், தடிமன், கண்ணின் நீளம், கார்னியாவின் வளைவைக் காட்டும் டோபோகிராஃபி படம் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். முப்பது ஆண்டு கழித்து அவளுக்கும் புரை வரும்.