ராமன் கடன் தீர்த்த ஊர்கள்

வணக்கம் ஐயா.

அப்பாவுக்குத் தலைத்திவசம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. அவரை அழைத்துக்கொண்டு காவிரிக் கரையில் உள்ள ராமாயணத் தலங்களுக்குப் போக நினைக்கிறோம். திருச்சியிலிருந்து சொந்தக் காரில், மூன்று நாள். மாரீசன், ஜடாயு, பட்டாபிஷேகம் என்று காண்ட வரிசைப்படி போக ஆசை. ஜடாயு விழுந்த இடம் என்று சிலர் புள்ளபூதங்குடியைச் சொல்கிறார்கள், சிலர் வைத்தீஸ்வரன்கோயிலைச் சொல்கிறார்கள். எது சரி? அப்பாவுக்குத் தர்ப்பணம் எங்கே கொடுப்பது? பஞ்சராமத் தலங்கள் ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

காண்ட வரிசையை விட்டுவிடுங்கள். மாரீசனுக்கு அதம்பார், அது நன்னிலம் பக்கம். ஜடாயுவுக்குப் புள்ளபூதங்குடி, சுவாமிமலையைத் தாண்டி. பரத்வாஜர் ஆசிரமத்துக்கு முடிகொண்டான், மறுபடி நன்னிலம் பக்கம். பட்டாபிஷேகத்துக்குத் திரும்பவும் கும்பகோணம். இப்படி முன்னும் பின்னும் ஓடினால் பாதிக் கோயில்களின் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். காலையில் பன்னிரண்டுக்குள் நடை சாத்தினால் மாலை நாலரை, ஐந்துக்குத்தான் திறப்பார்கள். சின்ன ஊர்களில் ஒரே பட்டாசாரியார் இரண்டு மூன்று கோயில்களைப் பார்த்துக்கொள்வது சகஜம். ஒன்பது மணிக்கே பூஜையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள்.

ஜடாயு விஷயத்தில் இரண்டு ஊரும் சரிதான். வால்மீகியில் ராமன் ஜடாயுவுக்குச் சிதை மூட்டிவிட்டு, கோதாவரியில் இறங்கி நீர்க்கடன் செய்கிறான். கோதாவரி எங்கே, காவிரி எங்கே என்று கேட்கலாம். காவிரிக்கரைக்காரர்கள் அந்தச் சடங்கைத் தங்கள் ஆற்றங்கரையில் வைத்துப் பார்த்தார்கள். வைத்தீஸ்வரன்கோயிலின் பழைய பெயரான புள்ளிருக்குவேளூரில் உள்ள புள் ஜடாயுதான். சம்பந்தர் தம் பதிகத்தில் சம்பாதியையும் சடாயுவையும் சேர்த்தே பாடுகிறார். கோயிலுக்குள் ஜடாயு குண்டம் இருக்கிறது. புள்ளபூதங்குடியைப் பாடியவர் திருமங்கையாழ்வார். அங்கே வல்வில் ராமன் சயனக் கோலம். ஈமக்கடன் செய்யும்போது மனைவி அருகில் இருக்க வேண்டுமே, சீதையோ இலங்கையில். அதனால் பூமிதேவி வந்து உடனிருந்தாள் என்கிறது தலபுராணம்.

இந்தப் பகுதியின் தலபுராணங்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரியும். இங்கே வரும் ராமனுக்குப் பெரும்பாலும் போர் வேலை கிடையாது. இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறான், கொன்ற தோஷத்தைக் கழிக்கிறான், அதன் பிறகே முடி சூடுகிறான். பாபநாசத்தில் கர தூஷணர்களைக் கொன்ற தோஷத்துக்கு 108 லிங்கம். வேதாரண்யத்தில் ராவணனைக் கொன்ற தோஷத்தை விரட்டியவராக வீரஹத்தி விநாயகர். நீங்கள் அப்பாவுக்காகப் புறப்படுவதால் இந்த வரிசையே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

முதல் நாள் திருச்சியிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் தஞ்சாவூர் வழியாக எட்டரைக்குள் பாபநாசம். மேப்பில் தேடும்போது தஞ்சாவூர் மாவட்டம் என்று சேர்த்துப் போடுங்கள், திருநெல்வேலிச் சீமையிலும் ஒரு பாபநாசம் உண்டு. ஆடுதுறையிலும் இதே குழப்பம். சுக்ரீவன் பூஜித்த தென்குரங்காடுதுறைதான் மயிலாடுதுறை சாலையில் உள்ள ஆடுதுறை. வாலி பூஜித்த வடகுரங்காடுதுறை ஆற்றுக்கு வடகரையில், திருவையாற்றுச் சாலையில் இருக்கிறது. அதை ஆடுதுறை பெருமாள்கோயில் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பாபநாசத்திலிருந்து பத்தரைக்குள் புள்ளபூதங்குடி போய்விடுங்கள். பக்கத்திலேயே ஆதனூர், அதுவும் திவ்யதேசம்.

மதியம் கும்பகோணத்தில் அம்மா ஓய்வெடுக்கட்டும். மாலை நடை திறந்ததும் ராமசாமி கோயில். ரகுநாத நாயக்கர் கட்டியது. ராமனும் சீதையும் ஒரே ஆசனத்தில், பரதன் கையில் குடை, சத்ருக்னன் கையில் சாமரம். அனுமன் ஒரு கையில் வீணையும் மறு கையில் ராமாயணச் சுவடியும் வைத்திருக்கிறார். பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுவதும் மூன்று அடுக்காக ஓவியமாய் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஓர் அடுக்கு என்று பார்த்து வந்தால் மூன்று சுற்றில் கதை முடியும். நீங்கள் ஆசைப்பட்ட காண்ட வரிசை இங்கே கிடைத்துவிடும். வெளிச்சம் மங்குவதற்குள் போக வேண்டும். மூன்று சுற்று அம்மாவுக்கு முடியாது என்றால் பட்டாபிஷேகம் வரும் கடைசிச் சுற்று மட்டும் போதும்.

இரண்டாம் நாள் காலை பூந்தோட்டம் பக்கத்தில் சேதலபதி, அதாவது திலதர்ப்பணபுரி. தர்ப்பணம் இங்கேதான் கொடுங்கள். ராமன் தசரதனுக்கும் ஜடாயுவுக்கும் பிண்டம் வைத்ததாகவும், வைத்த நான்கு பிண்டமும் லிங்கமானதாகவும் தலபுராணம். மண்டியிட்டு வணங்கும் ராமரையும் இங்கே பார்க்கலாம். கோயிலுக்கு முன்னால் யானைமுகம் இல்லாமல் மனித முகத்தோடு ஆதி விநாயகர். அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று கூட்டத்தில் மந்திரம் காதில் விழாது.

தர்ப்பணத்தில் பலர் தடுமாறுவது பெயர்களில்தான். எள்ளும் தர்ப்பையும் அங்கேயே கிடைக்கும், பெயர் கிடைக்காது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று அப்பா வழியில் மூன்று தலைமுறை. அம்மா இருப்பதால் பெண்கள் வரிசை அப்பாவைப் பெற்ற பாட்டியிலிருந்து தொடங்கும். எனவே அந்த வரிசையில் இன்னும் ஒரு தலைமுறை மேலே போக வேண்டும். அம்மாவின் பிறந்த வீட்டு வழியிலும் மூன்று தலைமுறை ஆண்கள், அவர்களுடைய மனைவிமார். அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டு இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம். கொடுத்து முடிக்கும் வரை நீங்கள் சாப்பிடக் கூடாது. அம்மா மருந்து சாப்பிடுபவர் என்றால் பசியோடு காத்திருக்க வேண்டாம்.

ஆற்றில் இறங்கிச் செய்ய விரும்பினால் மாதத்தைப் பாருங்கள். காவிரிக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். பங்குனி, சித்திரையில் சேதலபதி பக்கம் ஓடும் அரசலாறு வெறும் மணல்தான்.

பெரிய தொகை கேட்டு யாராவது பட்டியல் நீட்டினால் சித்திரகூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்த செய்தி கேட்டதும் ராமன் இங்குதி என்ற காட்டு மரத்துக் கொட்டையின் பிண்ணாக்கையும் இலந்தைப் பழத்தையும் பிசைந்துதான் பிண்டம் வைத்தான். நாங்கள் உண்பது இதுதான், இதையே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தசரதனிடம் சொல்கிறான். அதைப் பார்த்துக் கோசலை அழுகிறாள்.

அன்றே முடிகொண்டானும் அதம்பாரும் பார்த்துவிடலாம். முடிகொண்டானில் ராமன் அருகில் அனுமன் இல்லை, கவனியுங்கள். பரத்வாஜர் ஆசிரமத்தில் இறங்கியதும் பரதனுக்குச் செய்தி சொல்ல அனுமனை நந்திகிராமத்துக்கு அனுப்பிவிட்டான். வால்மீகியும் அதையே சொல்கிறார். அதம்பாரை மாரீசன் வதத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். கொல்லுமாங்குடி, வலங்கைமான் என்று அந்த மான் ஓடிய வழி ஊர்ப்பெயர்களிலும் இருப்பதாக அந்தப் பக்கத்தார் நம்புகிறார்கள். மாலையில் குடவாசல் பக்கம் பருத்தியூர். இரவு மன்னார்குடியில் தங்கலாம்.

முடிகொண்டான், அதம்பார், பருத்தியூர், தில்லைவிளாகம், வடுவூர், இவைதான் பஞ்சராமத் தலங்கள். ஐந்தையும் ஒரே நாளில் பார்க்க முடியாததற்குக் காரணம் தில்லைவிளாகம். மற்றவற்றிலிருந்து விலகி, தெற்கே முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அதற்கு மூன்றாம் நாள் காலையை முழுதாகக் கொடுங்கள். வீரகோதண்டராமர், உலோகத் திருமேனி. தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. தீபத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் காட்டச் சொல்லுங்கள். கையில் புடைத்த நரம்பும் விரல் நகமும் அப்போது நிழலோடு எழும்பி வரும்.

கோடியக்கரையில் ராமர் பாதம் இருக்கிறது. ராமன் முதலில் அணை கட்ட நினைத்த இடம் என்று ஆதி சேது என்பார்கள். வேதாரண்யத்தோடு சேர்த்து அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இந்த முறை விட்டுவிடுங்கள். வைத்தீஸ்வரன்கோயிலும் அப்படியே, உங்கள் வழிக்கு நேர் எதிர்ப்பக்கம். நாலாம் நாள் கிடைத்தால் எனக்கு முதலில் வைத்தீஸ்வரன்கோயில்தான்.

மதியம் மன்னார்குடியில் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழக் கிளம்பினால் தஞ்சாவூர் சாலையிலேயே வடுவூர் வந்துவிடும். நடை திறக்கும் வரை காத்திருங்கள். சன்னதியில் அம்மாவை நேர் எதிரே நிறுத்துங்கள், ராமரின் சிரிப்பு அங்கிருந்துதான் சரியாகத் தெரியும்.