மதுரை முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழருக்குத் தன்னார்வலராக என்ன உதவி செய்யலாம்?

மதுரைக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும், வார இறுதியில் முகாமுக்கு அரிசியும் பழைய துணியும் கொண்டுபோக நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். துணியை வேறு யாருக்காவது கொடுங்கள். முகாமுக்கு உங்கள் நேரத்தைக் கொண்டுபோங்கள்.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று நம் மாவட்டத்தில் மூன்று முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பின்னும் 1990-இலும் படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். ரேஷன் உண்டு. 2021-இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று அரசு உதவித்தொகையும் உண்டு. அதில் வயிற்றைக் கழுவலாமே தவிர வாழ முடியாது. ஆகவே பொழுது விடிந்ததும் ஆண்களில் பலர் பெயிண்ட் அடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் வாடகை வீட்டுச் சுவரைக்கூட அவர்களில் ஒருவர் அடித்திருக்கலாம். அவர் பட்டதாரியாகவும் இருக்கலாம். குடியுரிமை இல்லாதவருக்கு அரசு வேலை கிடையாது; தனியார் நிறுவனமோ முகாம் முகவரியைப் பார்த்ததும் "பிறகு சொல்கிறோம்" என்று அனுப்பிவிடுகிறது.

குறை சோற்றில் இல்லை, காகிதத்தில்தான். நான் ஓய்வு பெற்ற எழுத்தர். மனு எழுதுவதும் நகல்களை வரிசையாக அடுக்கித் தைப்பதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முகாமில் உட்கார்ந்து செய்கிறேன். ஒருமுறை ஒரு பெண் ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். உள்ளே பிறப்புச் சான்றிதழ். குழந்தையின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறந்த ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம், ஆண்டு 1986. பள்ளிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, முகாம் அட்டையில் வேறொன்று. "எல்லாம் நான்தான் அண்ணை, ஆனால் ஒன்றும் நானில்லை என்கிறார்கள்" என்று சிரித்தார்.

அந்த ஆண்டுதான் முக்கியம். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன்தான். 1986-இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி முகாமில் வசித்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஜவுளிப்பை கொண்டுவந்தவருக்கு இந்தச் செய்தி அரைகுறையாகத்தான் எட்டியிருந்தது. அவருக்கு முதலில் பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏற்றவேண்டும், பிறகு மற்ற ஆவணங்களை அதற்குப் பொருத்தவேண்டும். வழக்கறிஞரிடம் போவதற்கு முன் செய்யவேண்டிய இந்த அலைச்சலுக்குத்தான் ஆள் இல்லை.

அவருடைய தம்பியும் இங்கேதான் பிறந்தார், 1989-இல். அவருக்கு அந்த வழி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் குடியுரிமை பெற வழி சொல்லிவிட்டு இலங்கையை விட்டுவிட்டது. ஒரு வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்கு நாடு உண்டு, ஒருவருக்கு இல்லை என்பதை அவர்கள் அம்மாவுக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை.

சும்மா போய் நின்று படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். வெளியார் உள்ளே போக அனுமதி வேண்டும். முகாம் தலைவரைப் பார்த்துப் பேசுங்கள். அதிகாரிகள் எடுக்கும் வருகைக் கணக்கு அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2016 மார்ச்சில் உச்சப்பட்டியில் அப்படி ஒரு கணக்கெடுப்பின்போது எழுந்த வாக்குவாதத்தில் ஒருவர் மின்கம்பத்தில் ஏறி உயிரை விட்டார். மருத்துவமனையில் இருந்த மகனுக்கு வருகை போட மறுத்ததுதான் காரணம் என்று அப்போது செய்தி வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே நடந்துகொள்ளுங்கள்.

பாடம் சொல்லிக் கொடுக்க ஆசையா? நல்லது. ஆனால் அவர்கள் நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. 1984-இல் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தி வந்திருக்கிறது. அங்கேயே படித்துத் தேறியவர்கள்தான் ஆசிரியர்கள். பன்னிரண்டாம் வகுப்பு கணக்கும் இயற்பியலும் எடுக்க ஆள் கேட்டால் போங்கள். ஒத்துக்கொண்டால் தேர்வு முடியும்வரை நில்லுங்கள். இரண்டு வாரம் வந்து மறைகிறவர்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

மனு எழுதவும் வராது, பாடம் எடுக்கவும் வராது என்றால் இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உங்கள் நிறுவனத்தில் கணக்கெழுதவோ கணினி வேலைக்கோ ஆள் எடுக்கும்போது, முகாமில் படித்த ஒருவரின் விண்ணப்பத்தைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வையுங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் அவர்களிடம் இருக்கின்றன. முகவரியைப் பார்த்து அவர் தயங்கினால், அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.