கேள்வி-பதில்: ரயில் போனா ஆடுற தியேட்டர்

கேள்வி: பீட்டர் செல்லர்ஸ்னா 'பிங்க் பாந்தர்' போலீஸ்காரர்தான் ஞாபகம் வருது. அதுக்கு முன்னாடி அவர் நடிச்சதுல ரொம்பப் பேர் பேசாத படம் ஒண்ணு சொல்லுங்களேன்? (ஈரோடு வாசகர்)

பதில்: 'தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்' பாருங்க. 1957ல வந்த பிளாக் அண்ட் ஒயிட் படம், டைரக்டர் பாசில் டியர்டன். கையில காசில்லாத இளம் ஜோடிக்கு தாத்தா முறை சொந்தக்காரர் ஒருத்தர் தியேட்டர் எழுதி வச்சுட்டு செத்துப் போறார், இவங்களும் ஊருக்குப் போய் இறங்கி பெரிய 'கிராண்ட்' தியேட்டரைப் பார்த்து நம்மளுதுதான்னு பூரிச்சுப் போயிடறாங்க, அப்புறம்தான் தெரியுது நம்மளுது ரயில் பாலத்துக்கு நடுவுல நசுங்கிக் கிடக்கிற 'பிஜூ'ன்னு. ரயில் போனா கட்டடமே கிடுகிடுன்னு ஆடும். இடிச்சு கார் பார்க்கிங் ஆக்கணும்னு கிராண்ட் முதலாளி முன்னாடி 5,000 பவுண்டு பேசினவர், இப்போ 500தான்னு இறங்கிடறார். சரி, நாமளே தியேட்டரைத் திறக்கப் போற மாதிரி காட்டினா விலையை ஏத்துவார்னு ஆரம்பிக்கிறாங்க.

செல்லர்ஸ்தான் ஆப்பரேட்டர் க்வில். தண்ணி போடற பழக்கம் உள்ள கிழவர் ரோல், ஆனா படம் வந்தப்ப அவருக்கு 31 வயசு! டிக்கெட் குடுக்கிற அம்மா மார்கரெட் ரூதர்ஃபோர்ட், வாசல்ல நிக்கிற டாமா வர்றவர் பெர்னார்ட் மைல்ஸ். பாலைவனப் படம் ஓடும்போது ஹீட்டரை ஏத்திவிட்டு ஜனங்களை வேர்க்க வச்சு ஐஸ்கிரீம் விக்கிறதெல்லாம் நல்ல கலாட்டா. ஆனா என் மனசுல நிக்கிறது ஒரு ராத்திரி சீன்தான். ஷோ எல்லாம் முடிஞ்ச பிறகு மூணு பேரும் தங்களுக்காகவே ஒரு பழைய ஊமைப் படத்தை ஓட்டறாங்க, க்வில் புரொஜெக்டர்ல, அந்தம்மா பியானோவுல, டாம் உக்காந்து பார்க்கிறார், யாருமே காமெடி பண்ணல, வாழ்நாளெல்லாம் படம் காட்டியே கிழடானவங்க மேல இந்தப் படத்துக்கு எவ்வளவு பிரியம்னு அங்க தெரியும். அந்த ஒரு சீனுக்காகவே பார்க்கலாம்.

கேள்வி: கடைசியில டாம் கிராண்டையே கொளுத்திடறாரே, அது சரியா? (மதுரை வாசகி)

பதில்: எனக்கும் அது நெருடல்தான். கிராண்ட் எரிஞ்சதால முதலாளிக்கு வேற வழியில்லாம பிஜூவை நல்ல விலைக்கு வாங்க வேண்டியதாயிடுது, கதை சுபம். ஆனா தீ வச்சதை ஒரு வரி ஜோக்கா தாண்டிப் போயிடறாங்க, அதுவரைக்கும் ஆளுங்களை அவ்வளவு அக்கறையா காட்டின படம் இங்க அவசரப்பட்டுடுச்சுன்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: பிஜூ நிஜ தியேட்டரா? (அதே வாசகி)

பதில்: இல்லீங்க. லண்டன் கில்பர்ன்ல ரெண்டு ரயில் பாலத்துக்கு நடுவுல முகப்பை மட்டும் செட்டா போட்டாங்க. கிராண்டா காட்டினது ஹாமர்ஸ்மித்ல இருந்த நிஜ தியேட்டர், அந்தக் கட்டடம் இன்னும் இருக்கு, இப்போ அங்க மியூசிக் கச்சேரி நடக்குது.